மலையேறி வந்த மாணவி விடுதி அறையோடு நின்றுவிடலாமா?

கொடைக்கானலில் படிக்க இடம் கிடைத்த பெண், பெட்டி கட்டும் நேரத்திலேயே வீட்டாரிடம் கேட்டுவிடும் அறிவுரை ஒன்று உண்டு: "நீ உண்டு, உன் படிப்பு உண்டு என்று இரு." சொல்கிறவர்களின் அன்பில் ஐயமில்லை. மகளைத் தனியாக மலைக்கு அனுப்பும் பெற்றோருக்கு வேறெப்படிச் சொல்லத் தோன்றும்? ஆனாலும் அந்த அறிவுரை தவறானது. வகுப்பு, விடுதி, மெஸ், மறுபடி வகுப்பு என்று முதலாண்டைக் கழிக்கும் மாணவிக்குப் படிப்பே சரியாக அமைவதில்லை. சிலருக்கு அது பாதியில் நின்றும் போகிறது. மன்றம், முகாம், விளையாட்டு, இதழ், களப்பணி என எதிலாவது ஈடுபடுவதைப் படிப்பு போக மிஞ்சிய நேரத்தின் பொழுதுபோக்கு என்று நினைத்துப் பழகிவிட்டோம். அது படிப்பின் ஒரு பாகம். ஆகவே அதைப் புதிதாக வந்த மாணவியின் துணிச்சலை நம்பி விட்டுவிடக் கூடாது. கால அட்டவணைக்குள் அதற்கு இடம் ஒதுக்க வேண்டியது கல்வி நிறுவனத்தின் கடமை. கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலையை வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம், இந்த மலையில் தனிமைக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு வேறெங்கும் இல்லாத அளவுக்கு வெளிப்படையாகத் தெரிகிறது என்பதுதான்.

இங்கே கல்வி வளாகங்களுக்குக் குறைவிருந்ததில்லை. அவை யாருக்காக எழுந்தன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். செண்பகனூரில் 1895-இல் இயேசு சபையார் நிறுவிய திரு இருதயக் கல்லூரி குருமாணவர்களுக்கானது. 1901-இல் தொடங்கிய கொடைக்கானல் பள்ளி அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்கானது. 1899-இல் வந்த சூரிய ஆய்வுக்கூடம் உலகப் புகழ் பெற்றது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். இவ்வளவு இருந்தும், பூம்பாறையில் பூண்டு பயிரிடும் குடும்பத்துப் பெண்ணோ, வத்தலக்குண்டிலிருந்தோ தேனியிலிருந்தோ வரும் பெண்ணோ உயர்கல்விக்கென்று நுழைய இந்த மலையில் வெகுகாலம் வாசல் இல்லை. 1984-இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றி அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தை அமைத்தபோதுதான் அந்த வாசல் திறந்தது. அட்டுவம்பட்டியில் இருக்கும் அந்த வளாகத்துக்கு வருகிற மாணவிகளில் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் காண்பவர்கள். மேலே ஏறி வந்ததே பெரிய காரியம். ஆனால் நுழைவதும் அங்கே ஊன்றிக்கொள்வதும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் கல்லூரி வயதினரில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 47 சதவீதம் என்கிறது 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு. நாட்டின் சராசரி 28.4. சேர்ப்பதில் நாம் முன்னே நிற்கிறோம். சேர்ந்தவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதில் அந்த அக்கறையைக் காட்டுவதில்லை.

மதுரையிலோ கோவையிலோ படிக்கும் மாணவிக்குக் கல்லூரியில் யாருடனும் ஒட்டவில்லை என்றாலும் ஊர் இருக்கிறது. உறவினர் வீடு, கோயில், கடைத்தெரு என்று மனத்தை ஆற்றிக்கொள்ள நாலு இடம் உண்டு. கொடைக்கானல் நகரத்தின் மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பின்படி 36,501தான். வார இறுதியில் அந்த ஊரும் சுற்றுலாப் பயணிகளுடையதாகிவிடும். ஏறத்தாழ 7,000 அடி உயரம். பழனிக்குப் போகவே 64 கிலோமீட்டர் மலைப்பாதை. நினைத்த மாத்திரத்தில் ஊருக்குப் போய்வர முடியாது. படிப்பு தொடங்கிச் சில மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது, பின்னாலேயே பனிக்காலம். மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கும் நாட்களில் அறைக்குள் ஒடுங்குவது இயல்பாகத் தோன்றும். சமவெளியிலிருந்து வந்தவளுக்குக் குளிர் புதிது, சாப்பாடு புதிது, பாடம் நடத்தும் மொழியும் பாதி புதிது. பாடம் புரியாதபோது பக்கத்து அறைக் கதவைத் தட்டும் அளவுக்குப் பழக்கம் யாரோடாவது இருக்கிறதா என்பதுதான் அந்த மாதங்களில் அவளுடைய செமஸ்டரைத் தீர்மானிக்கிறது. அந்தப் பழக்கத்தை வகுப்பறை மட்டுமே தந்துவிடாது. ஐம்பது பேர் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் இடம் அது. சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போதுதான் மனிதர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகமாகிறார்கள்.

இது வெறும் ஊகமன்று. கொடைக்கானலில் பல்கலைக்கழகம் அமைந்த அதே 1984-இல், அமெரிக்கக் கல்வியாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின் மாணவர் ஈடுபாடு பற்றிய தம் கோட்பாட்டை வெளியிட்டார். கல்லூரி அனுபவத்தில் மாணவர் செலுத்தும் உடல் உழைப்பும் மன உழைப்பும் எவ்வளவோ, அவ்வளவுக்கே கற்றலும் வளர்ச்சியும் என்பது அதன் சாரம். படிப்பைப் பாதியில் விட்டவர்களைப் பற்றி 1975-இல் அவர் செய்த ஆய்விலிருந்து முளைத்தது இந்தக் கருத்து. வளாக விடுதியில் தங்கியவர்களும் வளாகத்துக்குள்ளேயே பகுதிநேர வேலை பார்த்தவர்களும் கூடுதலாக நிலைத்திருந்தார்கள். வெளியில் முழுநேர வேலைக்குப் போனவர்கள் கூடுதலாக விலகினார்கள். அதே 1975-இல் வின்சென்ட் டின்டோ என்ற சமூகவியலாளரும், மாணவர் விலகுவதற்கு அறிவுக்குறைவு மட்டும் காரணமல்ல, கல்லூரியின் படிப்போடும் மனிதர்களோடும் பிணைப்பு ஏற்படாமல் போவதும் காரணம் என்று எழுதினார்.

இதற்கு எழும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மன்றத்தில் சேர்பவர்கள் ஏற்கெனவே கலகலப்பானவர்கள், தன்னம்பிக்கை உள்ளவர்கள், வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் எப்படியும் நன்றாகப் படித்திருப்பார்கள். ஈடுபாட்டால்தான் படித்தார்கள் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. விடை சொல்ல, மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் செய்த சோதனைகள்தான் வேண்டும். கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் அப்படிச் செய்த ஒரு சோதனையின் முடிவை 2011-இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியிட்டார்கள். 'இந்த இடத்துக்கு நான் பொருந்தவில்லையோ என்ற கவலை முதலாண்டில் எல்லோருக்கும் வருவது, நாளடைவில் தணிவது' என்பதை மூத்த மாணவர்களின் அனுபவங்கள் வழியாகப் புதியவர்களுக்கு உணர்த்தினார்கள். செலவான நேரம் சுமார் ஒரு மணி. கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளும் உயர்ந்தன. இதைவிட முக்கியமானது 2023-இல் வந்த பெரிய ஆய்வு: 22 கல்வி நிறுவனங்கள், 26,911 மாணவர்கள். அதே மாதிரிப் பயிற்சி இங்கும் பயன் தந்தது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. மாணவர் வந்து ஒட்டிக்கொள்வதற்கான வாய்ப்பு உண்மையிலேயே இருந்த நிறுவனங்களில் மட்டும் பலித்தது. நல்ல வார்த்தை மட்டும் போதாது, போய்ச் சேர ஓர் இடமும் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். நம் கல்லூரிகள் முதல் நாள் விழாவில் 'எல்லாவற்றிலும் கலந்துகொள்ளுங்கள்' என்று மேடையில் சொல்லிவிட்டு, மறுநாள் காலை முதல் மாலை வரை இடைவெளியில்லாத கால அட்டவணையைக் கையில் கொடுத்தால், அந்தப் பேச்சால் பயனில்லை.

கலந்துகொள்ள ஓர் இடத்தை நிறுவனமே உருவாக்குவது எப்படி என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம், மலையை விட்டு இறங்கினால் போதும். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சின்னாளபட்டிக்கு அருகில் இருக்கிறது காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய இந்த அமைப்பிலிருந்து 1956-இல் கிராமிய நிலையம் உருவானது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. சௌந்தரத்தின் வாழ்க்கையே இந்த வாதத்துக்குச் சான்று. டி.வி.எஸ். குடும்பத்துச் செல்வ மகள். இளம்வயதில் மணமாகி, இளம்வயதிலேயே கணவரை இழந்தவர். அதன்பின் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936-இல் மருத்துவரானார். அங்கே உடன்படித்த சுசீலா நய்யாரின் நட்பு அவரைக் காந்தியிடம் கொண்டு சேர்த்தது. பாடப்புத்தகத்தோடு மட்டும் திரும்பியிருந்தால் நல்ல மருத்துவராகியிருப்பார். அதுவும் பெரிய காரியம்தான். ஆனால் ஒரு விடுதி நட்பு வேறொரு வாசலைத் திறந்தது. அதன் வழியாகக் காந்திகிராமம் வந்தது, சட்டமன்றமும் நாடாளுமன்றமும் வந்தன, 1962-க்குப் பிறகு மத்தியக் கல்வித் துணை அமைச்சர் பொறுப்பும் வந்தது. கணவரை இழந்த பெண் வீட்டைத் தாண்டக் கூடாது என்றிருந்த காலத்தில், அவரும் 'நீ உண்டு, உன் படிப்பு உண்டு' என்று இருந்திருந்தால் மாவட்டத்தின் வரலாறே சற்று ஏழையாகியிருக்கும்.

அவர் கண்ட நிறுவனத்தில் ஈடுபாடு மாணவரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததாக விடப்படவில்லை. சாந்தி சேனை என்னும் அமைதிப் படைப் பயிற்சியும், கிராமங்களில் மாணவர்கள் சில நாட்கள் தங்கி வேலை செய்து கற்கும் திட்டமும் படிப்போடு சேர்ந்தே வந்தன. இந்த ஏற்பாட்டின் அருமை பலருக்குப் பிடிபடுவதில்லை. கூச்ச சுபாவமுள்ள மாணவி எந்த மன்றத்திலும் பெயர் கொடுக்க மாட்டாள். அட்டவணையிலேயே இருந்தால் எல்லோரோடும் அவளும் போவாள்; போன இடத்தில் வீடு வீடாகக் கணக்கெடுக்கும்போது பேசக் கற்றுக்கொள்வாள். ஈடுபாட்டை விருப்பத்துக்கு விடும்போது அது ஏற்கெனவே துணிந்தவர்களின் உரிமையாகிவிடுகிறது. எல்லோருக்கும் பொதுவாக்கும்போதுதான் துணிச்சல் இல்லாதவர்களுக்கும் அது கிடைக்கிறது.

தேசிய அளவிலும் இதற்கு வழி இருக்கத்தான் செய்கிறது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு தொடங்கியது. தொண்டர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி என்று இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலான இளநிலைப் பாடத்திட்டங்களில் விரிவாக்கப் பணிக்கென்று ஐந்தாம் பாகமே இருக்கிறது. புதிய மாணவர்களை வரவேற்கும் தொடக்கப் பயிற்சிக்கு 'தீக்ஷாரம்ப்' என்ற வழிகாட்டியைப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்டிருக்கிறது. ஆக, ஏட்டில் குறையில்லை. கையெழுத்துக்கும் சான்றிதழுக்கும் என்று அந்த மணி நேரங்கள் கரைவதுதான் குறை. ஒரு நாள் பேரணி, ஒரு நாள் குப்பை அகற்றல், பதாகையோடு ஒரு படம் என்று 240 மணியைச் செலவழித்தால் மாணவிக்கும் ஊருக்கும் ஒன்றும் மிஞ்சாது. அதே 240 மணியை ஒரே வேலையில் தொடர்ந்து செலவிட்டால் எவ்வளவு செய்யலாம்!

பழனி மலையில் அப்படிப்பட்ட வேலைக்குப் பஞ்சமா? சோலைக்காடுகளையும் புல்வெளிகளையும் சீகை, பைன், யூகலிப்டஸ் மரங்கள் விழுங்கியிருக்கின்றன. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகும் அந்த அயல் மரங்களை என்ன செய்வது என்ற கேள்வி தீரவில்லை. தாவரவியல் மாணவிக்கு அது உயிருள்ள பாடம். கொடைக்கானலில் இயங்கிய பாதரச வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு வர 2016 ஆனது. மண்ணில் பாதரசம் எப்படித் தங்குகிறது என்பது வேதியியல் மாணவியின் கேள்வி. தொழிலாளர்கள் எப்படிப் போராடினார்கள் என்பது வரலாற்று மாணவியின் கேள்வி. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதனால் பூம்பாறை, மன்னவனூர் விவசாயிக்கு விலை கூடியதா என்று விசாரிப்பது வணிகவியல் மாணவிக்கு எந்தப் பாடநூலும் தராத பயிற்சி. இப்படி மலையைப் பாடமாக்கியவர் இயேசு சபைத் துறவியும் தாவரவியலாளருமான கே.எம். மேத்யூ. திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராப்பினாட் தாவர அருங்காட்சியகத்தை மையமாகக் கொண்டு களப்பணி செய்தவர். பழனி மலையின் தாவரங்களைத் தொகுத்த அவருடைய நூல் 1999-இல் வெளிவந்தது. சமவெளிக் கல்லூரி ஒன்றை மையமாகக் கொண்டே இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது என்றால், மலைமேல் இருக்கும் வளாகத்தின் வாய்ப்பு எவ்வளவு பெரிது!

மாணவி மூன்றாண்டில் போய்விடுவாள், மலையின் வேலைகளோ பல்லாண்டு பிடிக்கும். மன்றங்கள் எதற்கு என்ற கேள்விக்கு என் முதன்மையான விடை இதில்தான் இருக்கிறது. குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். ஒரு பூப்புக்கும் மறு பூப்புக்கும் இடையே ஒரு வளாகத்தில் நான்கு இளநிலைத் தலைமுறைகள் வந்து போய்விடும். எந்தச் சரிவில் எவ்வளவு செடி மிஞ்சியிருக்கிறது என்று ஆண்டுதோறும் குறித்து வரும் பதிவேட்டைத் தனியொரு மாணவி நடத்த முடியாது. ஒரு மன்றம் நடத்த முடியும். முதலாண்டு மாணவி அதை வாங்கி எழுதி, போகும்போது அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். சீனியர், ஜூனியர் உறவுக்கு இதைவிட நல்ல அடித்தளம் வேறில்லை.

சீனியர் என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோருக்குக் கேலிவதையின் அச்சம் வருகிறது. அது ஆதாரமற்ற அச்சமல்ல. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட கொடுமையைத் தமிழ்நாடு மறக்காது. அதன் பிறகே 1997-இல் கேலிவதைத் தடைச் சட்டம் வந்தது. ஆனால் ஒதுங்கியிருப்பதே பாதுகாப்பு என்ற முடிவு இதிலிருந்து பிறக்காது. துன்புறுத்த நினைப்பவர்களுக்கு வசதி, யாரும் கவனிக்காத, யாரிடமும் போய்ச் சொல்ல முடியாத மாணவிதான். விளையாட்டுக் குழுவிலோ நலப்பணித் திட்டத்திலோ இருப்பவள் ஒருநாள் வராவிட்டால் நாலு பேர் தேடுவார்கள். ஒரு பேராசிரியருக்காவது அவள் முகம் தெரிந்திருக்கும். சட்டம் தண்டிக்கத்தான் முடியும். அதற்கு முன்னதாகவே காப்பாற்றக் கூடியவர்கள் அவளைத் தெரிந்த மனிதர்கள்.

மதிப்பெண் குறையும் என்ற கவலை பாதி சரி. நேரம் அளவுள்ளது என்பதை ஆஸ்டினே அழுத்திச் சொல்கிறார். ஒன்றில் செலவிட்டது இன்னொன்றுக்கு இல்லை. ஆறு மன்றங்களில் பெயர் கொடுத்துவிட்டு இன்டர்னல் தேர்வை விடுகிறவள் தனக்கே தீங்கு செய்துகொள்கிறாள். முதலாண்டில் ஒன்றே ஒன்று போதும், ஆனால் அதில் கடைசிவரை நிற்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் யோசிக்க வைக்கும் மறுப்பு வேறு. கல்லூரியோடு ஒன்றிப்போ என்று சொல்வது, பழையதை விட்டுவிட்டு வா என்று சொல்வதாக முடியாதா? வில்லியம் டியர்னி என்ற ஆய்வாளர் 1992-இல் டின்டோவுக்கு எதிராக இதைத்தான் எழுதினார். அமெரிக்கப் பழங்குடி மாணவர்களைப் பார்த்து, 'உன் பண்பாட்டைக் கழற்றி வைத்துவிட்டு எங்களோடு கலந்துவிடு' என்று கல்லூரி கேட்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. பளியர், புலையர் குடிகள் வாழும் மலையில் இதைக் காதில் வாங்காமல் இருக்க முடியாது. கல்ச்சுரல்ஸ் மேடையில் ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்களும், நகரத்து உடை வாங்க முடிந்தவர்களும், ஒரே சாதி வட்டத்தினரும் மட்டுமே நிற்கிறார்கள் என்றால், அந்த ஈடுபாடு மற்றவர்களை இன்னும் தள்ளித்தான் வைக்கும். இதற்கு மருந்து மன்றங்களை மூடுவதன்று, மன்றத்தில் எது மதிக்கப்படுகிறது என்பதை மாற்றுவது. காட்டுத் தேனும் கிழங்கும் மூலிகையும் பற்றி ஒரு பளியர் குடும்பத்துப் பெண்ணுக்குத் தெரிந்தது தாவரவியல் துறைக்குத் தெரியாமல் இருக்கலாம். அவள் வழிநடத்த மற்றவர்கள் குறிப்பெடுக்கும் ஒரு களப்பயணம் நடந்தால், ஒன்றிப்போக வேண்டியவள் அவள் மட்டும் அல்ல என்பது வளாகம் முழுவதற்கும் விளங்கும்.

கடைசியாகப் பஸ். வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவிக்கு மாலை நேர மன்றம் என்பது இல்லாத மன்றம். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் அவள் ஊர் போய்ச் சேர முடியாது. வீட்டில் தண்ணீரும் அடுப்பும் தம்பி தங்கைகளும் காத்திருப்பார்கள். அரசு இதில் சில நல்ல அடிகளை எடுத்து வைத்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தைக் கொடைக்கானல் உள்ளிட்ட மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்குவதாக 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கை சொன்னது. பழனியில் தேவஸ்தானம் நடத்தும் கல்வி நிறுவனங்களில் 2022 நவம்பரில் காலைச் சிற்றுண்டி தொடங்கப்பட்டது. விடியலில் பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் வகுப்புக்கு முன் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதும் வளாக வாழ்க்கைதான். இந்தத் தொடக்கங்களோடு கல்லூரிகள் ஒன்றைச் சேர்த்தால் போதும். வாரத்தில் ஒரு நாள், பகல் 12 மணி முதல் 2 மணி வரை, எந்தத் துறைக்கும் வகுப்போ தேர்வோ வைக்காமல் அந்த இரண்டு மணி நேரத்தை மன்றங்களுக்கும் களப்பணிக்கும் விட வேண்டும். வருகைப் பதிவும் ஐந்தாம் பாகத்தின் மதிப்பும் அதற்கே போக வேண்டும். விடுதி மாணவி, வந்துபோகும் மாணவி என்ற வேறுபாடு அந்த நேரத்தில் இராது. அடுத்த கல்வியாண்டின் அட்டவணையைத் துறைத்தலைவர்கள் மேசையில் விரிக்கும்போது முதலில் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு, மற்ற வகுப்புகளை அதைச் சுற்றி அடுக்கலாம்.